வெளி ஹார்டு டிஸ்கில் கணக்கு காணாமற்போனால்...

நாள்வழி, சிட்டை, பேரேடு எல்லாம் இன்று கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. கொள்முதல் பில், விற்பனை பில், வாடிக்கையாளர் கடன் பாக்கி, ஜி.எஸ்.டி. கணக்கு என்று கடையின் வரவு செலவு முழுவதும் ஒரு டிஸ்கில் அடங்கிவிடுகிறது. இரவு கடை எடுத்து வைக்கும்போது அன்றைய கணக்கை வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்துக்கொள்ளும் நல்ல பழக்கமும் நம் வணிகர்கள் பலரிடம் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் அந்த டிஸ்கைச் செருகும்போது கோப்பு ஒன்றுகூடத் தெரியாமல், ‘இந்த டிஸ்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்ற அறிவிப்பு மட்டும் திரையில் வந்தால் என்ன செய்வது?

அந்த அறிவிப்பின் கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று ‘ஃபார்மேட் டிஸ்க்’, மற்றொன்று ‘கேன்சல்’. கேன்சலை அழுத்துங்கள். இப்படிப்பட்ட கோளாறுகள் பலவற்றில் கணக்கு அழிந்திருப்பதில்லை. அது எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்புதான் சேதமாகியிருக்கும். அதன் பிறகு பதற்றத்தில் செய்யும் காரியங்களால்தான் உண்மையான இழப்பு வருகிறது. ஆகவே என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பார்ட்டிஷன் என்பது என்ன?

ஒரு பெரிய கிட்டங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசிக்கு ஒரு தடுப்பு, பருப்புக்கு ஒரு தடுப்பு, எண்ணெய் டின்களுக்கு ஒரு தடுப்பு என்று பிரித்திருக்கிறோம். எந்தத் தூணிலிருந்து எந்தத் தூண் வரை எந்தத் தடுப்பு என்று வாசலில் ஒரு பலகையில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் தனியாக ஓர் இருப்புப் பதிவேடு உண்டு. எந்த மூட்டை எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை அது சொல்லும்.

ஹார்டு டிஸ்கின் அமைப்பும் இதுவே. தடுப்புக்குப் பெயர் பார்ட்டிஷன். வாசல் பலகைக்குப் பெயர் பார்ட்டிஷன் அட்டவணை. உள்ளே இருக்கும் பதிவேட்டுக்குப் பெயர் ஃபைல் சிஸ்டம். வெளி ஹார்டு டிஸ்கில் பெரும்பாலும் ஒரே ஒரு தடுப்புதான் இருக்கும். அப்போதும் பலகையும் பதிவேடும் உண்டு.

பலகையில் இரண்டு வகை இருக்கிறது. எம்.பி.ஆர். என்னும் பழைய வகை, 1983இல் ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்கான டாஸ் 2.0 உடன் வந்தது. டிஸ்கின் தொடக்கத்திலுள்ள 512 பைட்டுகளில் வெறும் 64 பைட் இடத்தில் நான்கு பார்ட்டிஷன்களின் விவரத்தை எழுதிவைக்கிறது. அந்தச் சிறு இடம் கெட்டால் 1 டெராபைட் டிஸ்கும் காலியாகத் தெரியும். இதற்கு நகல் கிடையாது. பொதுவாகச் சுமார் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை இதில் குறிக்கவும் முடியாது. ஜி.பி.டி. என்னும் புதிய வகை, தன் அட்டவணையின் நகல் ஒன்றை டிஸ்கின் கடைசியிலும் வைத்துக்கொள்கிறது.

பதிவேட்டில் மூன்று வகைகள் வழக்கத்தில் உள்ளன. ஃபேட் 32 பழையது. 4 ஜிகாபைட் அளவுள்ள ஒரே கோப்பை அதில் வைக்க முடியாது. எக்ஸ்ஃபேட் 2006இல் வந்தது. பலவகைக் கருவிகளில் படிக்கும். என்.டி.எஃப்.எஸ். 1993 முதல் விண்டோஸ் என்.டி. வரிசையில் உள்ளது. முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு பிறகு பேரேட்டில் ஏற்றுவது போல, பதிவேட்டில் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு குறிப்பில் எழுதிக்கொள்வது இதன் சிறப்பு. திடீரென்று மின்சாரம் போனால் அந்தக் குறிப்பைப் பார்த்துப் பதிவேட்டைச் சரிசெய்துகொள்ளும். மற்ற இரண்டிலும் அந்த ஏற்பாடு இல்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் மட்டும் பயன்படுத்தும் கணக்கு டிஸ்குக்கு என்.டி.எஃப்.எஸ். ஏற்றதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கோளாறு எதனால் வருகிறது?

1. நகல் எழுதிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்குவது, அல்லது மின்தடையால் கம்ப்யூட்டர் அணைந்துபோவது.

2. மின்சாரம் போதாமை. பழைய யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 துளை 900 மில்லி ஆம்பியர் தரும். ஒரே துளையில் ஹப் மாட்டி, அதில் பார்கோடு ஸ்கேனர், பில் பிரிண்டர், ஹார்டு டிஸ்க் என்று எல்லாவற்றையும் செருகினால் டிஸ்க் பாதியில் தடுமாறும்.

3. விண்டோஸ் போடும்போது நேரும் தவறு. பென் டிரைவ் என்று நினைத்து அருகில் செருகியிருந்த வெளி டிஸ்கையே தேர்ந்தெடுத்துவிடுவது உண்டு. 1 டெராபைட் டிஸ்க் திடீரென்று 32 ஜிகாபைட் என்று காட்டி, மீதி இடம் காலியாகத் தெரிந்தால் இதுவே காரணமாக இருக்கலாம்.

4. கண்காணிப்பு கேமராவின் டி.வி.ஆர். பெட்டியிலோ டி.வி. பெட்டியிலோ அதே டிஸ்கை மாட்டுவது. இவற்றில் பல, தம் முறைப்படி டிஸ்கைப் புதிதாகப் பிரித்துக்கொள்ளும். அங்கே ‘இனிஷியலைஸ்’ என்று கேட்டதற்குச் சரி சொன்னால் பழைய பலகை போய்விடும். டி.வி.ஆரில் ஓடும் டிஸ்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் பலசமயம் விண்டோஸ் ஃபார்மேட் கேட்கும். அங்கே டிஸ்க் கெட்டிருக்க வேண்டியதில்லை. விண்டோஸுக்கு அந்தப் பதிவேட்டைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

5. டிஸ்கே தேய்ந்துபோவது அல்லது கீழே விழுவது. இது மற்றவற்றிலிருந்து வேறுபட்டது; இதைப் பின்னால் தனியே பார்ப்போம்.

எவற்றைச் செய்யக்கூடாது?

ஃபார்மேட் செய்யக்கூடாது. ‘குவிக் ஃபார்மேட்’ என்பது பழைய பதிவேட்டை எடுத்துவிட்டு வெற்றுப் பதிவேட்டை வைப்பது. 2007இல் வெளிவந்த விஸ்டா முதல், முழு ஃபார்மேட் என்பது டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது. முழு ஃபார்மேட் முடிந்த டிஸ்கிலிருந்து எதையும் மீட்க முடியாது. சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வகை வெளி டிஸ்காக இருந்தால் குவிக் ஃபார்மேட்கூடப் பலசமயம் பழைய விவரங்களை ஒரேயடியாகத் துடைத்துவிடும்.

‘இனிஷியலைஸ்’ என்று கேட்டாலும் சரி சொல்லக்கூடாது. அது புதிய பலகையை எழுதும். அந்த டிஸ்கில் புதிய கோப்பு எதையும் போடக்கூடாது. மீட்புக்கான சாஃப்ட்வேரைக்கூட அதில் இறக்கக்கூடாது. காலியாகத் தெரியும் இடத்தில்தான் நமது பழைய கணக்கு இருக்கிறது.

‘செக்டிஸ்க்’ என்னும் சோதனையை முதல் வேலையாக ஓட்டக்கூடாது. அது பதிவேட்டை முரணில்லாமல் ஆக்கப் பார்க்கும். உங்கள் கணக்கைக் காப்பாற்றுவது அதன் நோக்கம் அல்ல. பொருந்தாத பதிவுகளை அது வெட்டிவிடவும் கூடும். நகல் எடுத்த பிறகு அதை ஓட்டிப் பார்க்கலாம்.

பெட்டியைத் திறந்து டிஸ்கை வெளியே எடுப்பதும் கூடாது. சில வெளி டிஸ்குகளில், பெட்டிக்குள் இருக்கும் சிறு சர்க்யூட் போர்டு இட அளவைத் தன் முறையில் மாற்றிக் காட்டும். வேறு சிலவற்றில் எல்லாவற்றையும் சங்கேதமாக மாற்றி எழுதும். அந்தப் போர்டு இல்லாமல் நேரடியாக மாட்டினால், நல்ல டிஸ்கும் பார்ட்டிஷன் இல்லாததாகத் தெரியும்.

எளிய சோதனைகள்

முதலில் கேபிளை மாற்றுங்கள். ஹப்பைத் தவிர்த்துக் கம்ப்யூட்டரின் பின்புறத் துளையில் நேராகச் செருகுங்கள். தனி மின் அடாப்டர் உள்ள டிஸ்க் என்றால் அதையும் கவனியுங்கள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். பழைய 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டருக்கு ஜி.பி.டி. டிஸ்கைப் படிக்கத் தெரியாது. அங்கே தெரியாத டிஸ்க் புதிய கம்ப்யூட்டரில் ஒழுங்காகத் திறந்தால் கோளாறு டிஸ்கில் இல்லை. இந்தச் சோதனைகளின்போதும் ஃபார்மேட் கேட்டால் கேன்சல்தான்.

காதையும் பயன்படுத்த வேண்டும். ‘டக், டக்’ என்று ஒரே சீராகத் தட்டும் ஓசை வந்தால் உடனே டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். அதற்குமேல் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

டிஸ்க் மேனேஜ்மென்ட் காட்டும் நிலைகள்

விண்டோஸின் ஸ்டார்ட் பொத்தான்மீது மவுசின் வலப்பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ இருக்கும். கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு டிஸ்கும் ஒரு வரிசையாகத் தெரியும். அளவைப் பார்த்து உங்கள் வெளி டிஸ்கை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அங்கே காணும் சொல்லைப் பொறுத்தே வைத்தியம் மாறும்.

‘ஹெல்தி’ என்றிருந்து டிரைவ் எழுத்து மட்டும் இல்லை: இது மிக எளிது. பலகையும் பதிவேடும் நன்றாக இருக்கின்றன. கதவு எண் மட்டும் இல்லை. அந்தப் பார்ட்டிஷன்மீது வலப்பொத்தானை அழுத்தி, ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர்’ வழியாக ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். மற்ற டிரைவ்கள் எடுத்துக்கொள்ளாத ‘இசட்’ போன்ற கடைசி எழுத்தைக் கொடுப்பது நல்லது. பில்லிங் சாஃப்ட்வேர் தினமும் நகல் அனுப்பும் இடமும் மாறாமல் இருக்கும்.

‘ஆஃப்லைன்’: இடப்பக்கக் கட்டத்தின்மீது வலப்பொத்தானை அழுத்தி ‘ஆன்லைன்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

‘ரா’: தடுப்பு இருக்கிறது, உள்ளே உள்ள பதிவேட்டைப் படிக்க முடியவில்லை. ஃபார்மேட் அறிவிப்பு வருவது பெரும்பாலும் இந்த நிலையில்தான். பதிவேட்டின் முதல் பக்கம் போன்றது ‘பூட் செக்டார்’. என்.டி.எஃப்.எஸ். இதன் நகலைப் பார்ட்டிஷனின் கடைசியில் வைத்திருக்கிறது. ஆகவே முதல் பக்கம் மட்டும் கெட்டிருந்தால் நகலைக்கொண்டு சரிசெய்ய வாய்ப்புண்டு.

‘அன்அலோகேட்டட்’: அளவு சரியாகக் காட்டி, இடம் முழுவதும் காலி என்று சொல்கிறது. பலகை போய்விட்டது. ‘நாட் இனிஷியலைஸ்டு’ என்று சொல்லி அளவைச் சரியாகக் காட்டினாலும் பெரும்பாலும் இதே நிலைதான்.

‘நோ மீடியா’ அல்லது அளவே இல்லை: இது பார்ட்டிஷன் கோளாறு அல்ல. பெட்டியின் போர்டோ டிஸ்கோ பழுதாகியிருக்கிறது. எந்த சாஃப்ட்வேரும் இங்கே உதவாது.

மீட்கும் முறை

கடைசி மூன்றில் ‘ரா’, ‘அன்அலோகேட்டட்’ ஆகிய இரண்டு நிலைகளிலும், பழுது பார்ப்பதற்கு முன் டிஸ்க் முழுவதையும் அதே அளவோ அதற்கு மேலோ உள்ள வேறொரு டிஸ்கில் அப்படியே நகல் எடுக்க வேண்டும். இதற்கு ‘செக்டார் பை செக்டார் க்ளோன்’ என்று பெயர். பிறகு செய்யும் வேலைகளை அந்த நகலில் செய்தால், கை தவறினாலும் மூலம் பத்திரமாக இருக்கும். புது டிஸ்க் வாங்கும் செலவு, ஓராண்டுக் கணக்கைத் திரும்ப எழுதும் செலவை நோக்கக் குறைவுதான். அந்த டிஸ்கும் பின்னால் இரண்டாவது நகலுக்குப் பயன்படும்.

பார்ட்டிஷனைத் தேடித்தரும் சாஃப்ட்வேர்களில் ‘டெஸ்ட்டிஸ்க்’ பலராலும் பயன்படுத்தப்படுகிறது. கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது, இலவசம். மவுஸ் வேலை செய்யாத எழுத்துத் திரைதான். இதன் போக்கு வருமாறு:

அ. டிஸ்க்குகளின் பட்டியல் வரும். அளவைப் பார்த்துச் சரியான டிஸ்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே தவறினால் நல்ல டிஸ்கும் கெடும்.

ஆ. பலகை எந்த வகை என்று கேட்கும். எம்.பி.ஆர். என்றால் ‘இன்டெல்’, ஜி.பி.டி. என்றால் ‘இ.எஃப்.ஐ.’ என்று இருக்கும். தனக்குத் தோன்றுவதை அதுவே சுட்டிக்காட்டும்.

இ. ‘அனலைஸ்’, பிறகு ‘குவிக் சர்ச்’. கிட்டங்கிக்குள் நடந்துபோய்த் தடுப்புகளின் தடயத்தைத் தேடுவது போன்ற வேலை இது. கிடைக்காவிட்டால் ‘டீப்பர் சர்ச்’ உண்டு. அது பல மணி நேரம் பிடிக்கலாம்.

ஈ. பார்ட்டிஷன் கிடைத்ததும் ‘பி’ எழுத்தை அழுத்தினால் உள்ளே உள்ள கோப்புகள் தெரியும். உங்கள் கணக்கு ஃபோல்டர்களின் பெயர்கள் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அங்கிருந்தே அவற்றை வேறு டிஸ்குக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

உ. கணக்கு கைக்கு வந்த பிறகுதான் ‘ரைட்’ கொடுத்துப் பலகையைத் திரும்ப எழுத வேண்டும்.

‘ரா’ நிலைக்கு இதே சாஃப்ட்வேரில் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் பூட் செக்டாரின் நகலை ஒப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்யும் வசதி இருக்கிறது.

பார்ட்டிஷனே கிடைக்காவிட்டால், கோப்புகளின் சாயலைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுக்கும் சாஃப்ட்வேர்களும் உண்டு. டெஸ்ட்டிஸ்குடன் வரும் ‘ஃபோட்டோரெக்’ அத்தகையது. ஆனால் அதில் கோப்புகள் பழைய பெயரும் ஃபோல்டரும் இல்லாமல் வரும். புகைப்படத்துக்கு அது போதும். டேலி போன்ற கணக்கு சாஃப்ட்வேரில், ஒரு நிறுவனத்தின் கணக்கு பல கோப்புகளாக ஒரே ஃபோல்டரில் சேர்ந்திருந்தால்தான் திறக்கும். ஆகவே வணிகருக்குப் பார்ட்டிஷனை மீட்பதே முதல் வழி. பொறுக்கியெடுப்பது கடைசி வழி.

டிஸ்கே பழுதாகியிருந்தால்

நவீன டிஸ்க்குகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கின்றன. இதற்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ போன்ற இலவச சாஃப்ட்வேரில் இதைப் பார்க்கலாம். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார்கள், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டார்கள் ஆகிய இரண்டின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனால் டிஸ்க் நம்பகத்தன்மையை இழந்துவிட்டது. அத்தகைய டிஸ்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதே ஆபத்து. ‘ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ’ போன்ற சாஃப்ட்வேர், நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் நகல் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளைப் பிறகு முயலும். லினக்ஸ் தெரிந்தவர் மூலம் இதைச் செய்யலாம். தட்டும் ஓசை வரும் டிஸ்கைத் தூசியற்ற அறை வசதி உள்ள மீட்பு நிலையத்திடம்தான் கொடுக்க வேண்டும்.

எவரிடம் கொடுத்தாலும் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலாவது, நகல் எடுக்காமல் டிஸ்கில் எதையும் எழுதக்கூடாது. இரண்டாவது, ஃபார்மேட் செய்வதற்கு முன் உங்களைக் கேட்க வேண்டும். மூன்றாவது, மீட்ட விவரத்தை உங்களிடம் ஒப்படைத்த பிறகு அவர்களிடம் உள்ள நகலை அழித்துவிட வேண்டும். டிஸ்கின் வரிசை எண்ணைக் குறித்த ரசீதும் வேண்டும். உங்கள் வாடிக்கையாளர் பட்டியலும் கொள்முதல் விலையும் அதற்குள் இருக்கின்றன என்பதை மறக்கலாகாது. டிஸ்கைக் கொடுக்கும்போது “சரிபண்ணிக் கொடுங்கள்” என்று மட்டும் சொன்னால், புதிதாக ஃபார்மேட் செய்து ‘நன்றாக ஓடுகிறது’ என்று திருப்பிக் கொடுத்துவிடக்கூடும். “டிஸ்க் போனாலும் பரவாயில்லை, உள்ளே இருக்கும் கணக்கு வேண்டும்” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது வசதிக்காக மட்டும் செய்யும் காரியம் அல்ல. 2017ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக்கான கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. எனவே அந்த ஆண்டுக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை கையில் இருக்க வேண்டும். கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்போர், விபத்தினாலோ இயற்கைக் காரணத்தினாலோ அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் திரும்ப எடுக்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 57ஆம் விதி கூறுகிறது. சட்டம் கேட்பது நகலை மட்டும் அல்ல. அந்த நகலிலிருந்து கணக்கைத் திரும்ப எடுக்கவும் முடிய வேண்டும்.

மீண்டும் வராமல் இருக்க

ஒரே ஒரு வெளி டிஸ்கை நம்பக் கூடாது. கம்ப்யூட்டரில் உள்ளது ஒன்று, வெளி டிஸ்கள் இரண்டு என்று மூன்று பிரதிகள் இருக்கட்டும். இரண்டு டிஸ்குகளையும் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் வெள்ளம் கடைகளுக்குள் புகுந்ததைப் பார்த்தோம். அத்தகைய நாளில் கம்ப்யூட்டரும் நகல் டிஸ்கும் ஒரே மேஜையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

நகல் முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், செருகியே இருக்கும் வெளி டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். கழற்றும்போது ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்த பிறகே கேபிளைத் தொடுங்கள். கடைக் கணக்கை வெளி டிஸ்கிலிருந்தே நேராக ஓட்டாதீர்கள். நடப்புக் கணக்கு கம்ப்யூட்டரிலும், நகல் வெளி டிஸ்கிலும் இருக்கட்டும். கணக்கு டிஸ்கில் சினிமாவோ கேமரா பதிவோ வேண்டாம், அதை டி.வி.யிலும் டி.வி.ஆரிலும் மாட்டவும் வேண்டாம். டிஸ்கின்மீது ‘கணக்கு – ஃபார்மேட் செய்யாதே’ என்று ஒரு சீட்டு ஒட்டினால் கடைப் பையனுக்கும் சர்வீஸ் செய்பவருக்கும் எச்சரிக்கையாக இருக்கும்.

மாதம் ஒருமுறை நகலை வேறொரு ஃபோல்டரில் திரும்ப ஏற்றித் திறந்து பாருங்கள். கடைசிப் பதிவின் தேதி, ரொக்க இருப்பு, மொத்தக் கடன் பாக்கி ஆகிய மூன்றும் நடப்புக் கணக்குடன் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். கால் மணி நேர வேலைதான். கல்லாவை எண்ணாமல் கடை எடுத்து வைப்பதில்லை. நகலைத் திறந்து பார்ப்பதையும் அதே வழக்கமாக ஆக்கிக்கொண்டால், ஃபார்மேட் கேட்கும் அறிவிப்பு என்றாவது வந்தாலும் இரண்டாவது டிஸ்கை எடுத்துச் செருகி மறுநாள் வியாபாரத்தைத் தடையின்றித் தொடரலாம்.